செருகுநிரலைத் தேர்ந்தெடுப்போம்

ஓர் இடைநிலைப்பள்ளியில் இல்ல விளையாட்டுப் போட்டி நடைபெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 நிகழ்வுகள், நான்கு இல்லங்கள். ஒவ்வொரு நிகழ்வும் முடிந்தவுடன் புள்ளிகளைப் பதிவு செய்து, இறுதியில் வெற்றி இல்லத்தை அறிவிக்கும் பொறுப்பைக் கணினிக் கழகம் ஏற்றுக்கொண்டது. அதற்காகக் கழக மாணவர்கள் பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரலை எழுதினர். ஒத்திகையில் நிரல் நன்றாகவே இயங்கியது.

போட்டி நாளன்று மாலை, இறுதி நிகழ்வான அஞ்சல் ஓட்டம் முடிந்தது. திரையில் முடிவு தோன்றியது: பச்சை இல்லம் 68 புள்ளிகள், மஞ்சள் இல்லம் 66 புள்ளிகள். பச்சை இல்லத்தினர் ஆரவாரம் செய்தனர். ஆனால், மஞ்சள் இல்லத்து மாணவர் ஒருவர் தம் குறிப்பேட்டில் ஒவ்வொரு நிகழ்வின் புள்ளியையும் எழுதி வைத்திருந்தார். அவருடைய கணக்கின்படி மஞ்சள் இல்லத்திற்கு 76, பச்சை இல்லத்திற்கு 72. நிரலோ எந்தப் பிழைச்செய்தியையும் காட்டவில்லை. பரிசளிப்புக்கு இன்னும் இருபது நிமிடங்களே உள்ளன. யார் சொல்வது சரி? நிரலைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இப்படிப்பட்ட வேளையில் நிரலாளருக்குக் கைகொடுப்பவை இரண்டு துணைக்கருவிகள். நிரலை எழுதும்போதே அடுத்து வரக்கூடிய சொல்லை எடுத்துக்கொடுத்து, எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டுவது ஒன்று. எழுதி முடித்த நிரலை ஒவ்வோர் அடியாக நடத்திச் சென்று, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டுவது மற்றொன்று. முதலாவதைத் தானியங்கு நிறைவு என்றும் இரண்டாவதை வழுநீக்கி என்றும் அழைக்கிறோம். பெரிய நிரலாக்க மென்பொருள்களில் இவ்விரண்டும் உடன் வந்துவிடும். முனையத்தில் இயங்கும் எளிய உரைத்தொகுப்பியில் நாமே தேர்ந்தெடுத்துச் சேர்க்க வேண்டும். சேர்க்கப்படும் அந்தச் சிறு மென்பொருளே செருகுநிரல்.

முனையத்தில் ஏன் எழுத வேண்டும்?

சுட்டி இல்லை, வண்ணப் பொத்தான்கள் இல்லை. கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டுமே. இதை ஏன் இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். குறைந்த நினைவகம் உடைய பழைய கணினியிலும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியிலும் இது வேகமாக இயங்கும். தொலைவில் உள்ள சேவையகத்திற்குள் நுழைந்து ஒரு கோப்பைத் திருத்த வேண்டுமானால், பெரும்பாலும் முனையம் ஒன்றே வழி.

இவ்வகைத் தொகுப்பிகளுள் பெயர்பெற்றது விம். இதன் முன்னோடியான விஐ தொகுப்பியை 1976ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் உருவாக்கினார். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தின் விசைப்பலகையில் தனி அம்பு விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் என்னும் நான்கு விசைகளின் மேல்தான் அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. இன்றும் விம் பயனர்கள் அந்நான்கு விசைகளால்தான் இடம்வலமாகவும் மேலும் கீழுமாகவும் நகர்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு முந்திய ஒரு விசைப்பலகையின் தடம், உங்கள் விரல்களிலும் பதியப்போகிறது!

நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலினார் 1991ஆம் ஆண்டு விம் தொகுப்பியை வெளியிட்டார். அதற்கு அவர் பணம் கேட்கவில்லை. உகாண்டாவின் கிபாலே பகுதியில் தொண்டூழியராகப் பணியாற்றியவர் அவர். விம் பிடித்திருந்தால் அங்குள்ள பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கோப்பு எதையும் குறிப்பிடாமல் விம்மைத் திறந்தால் அந்த வேண்டுகோள் இன்றும் முதல் திரையில் தெரியும். 2014ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு நிரலாளர் தியாகோ டி அருடா, விம்மின் மூலநிரலிலிருந்து நியோவிம் என்னும் கிளையைத் தொடங்கினார். ஆகவே, செருகுநிரலைத் தேடும்போது, அது விம்முக்கா, நியோவிம்முக்கா, இரண்டிற்குமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ஒருவர் கேட்ட கேள்வியைப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பார்த்துள்ளதாக அத்தளமே 2017ஆம் ஆண்டு அறிவித்தது. நீங்களும் அவர்களுள் ஒருவர் ஆகாமலிருக்க வழி இதுதான்: எஸ்கேப் விசையை அழுத்துங்கள், பிறகு முக்காற்புள்ளி, க்யூ, வியப்புக்குறி ஆகியவற்றைத் தட்டி, எண்டர் விசையை அழுத்துங்கள். சேமிக்காத மாற்றங்கள் அழிந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இருவகை வழு

நிரலில் உள்ள குறையைத் தமிழில் வழு என்கிறோம். இச்சொல் உங்களுக்குப் புதியதன்று. இலக்கணப் பாடத்தில் திணை வழு, பால் வழு, எண் வழு என்றெல்லாம் படித்திருப்பீர்கள். ‘அவன் வந்தாள்’ என்பது பால் வழு. இதைக் கண்டுபிடிக்க அவன் யார், எங்கிருந்து வந்தான் என்பதெல்லாம் நமக்குத் தெரிய வேண்டியதில்லை; இலக்கண விதி தெரிந்தால் போதும்.

‘சூரியன் மேற்கில் உதிக்கிறது’ என்னும் தொடரைப் பாருங்கள். எழுவாய், பயனிலை, வேற்றுமை உருபு எல்லாம் சரியாக இருக்கின்றன. இலக்கண ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட இதில் ஒன்றுமில்லை. ஆயினும், செய்தி பொய்.

நிரலிலும் இப்படித்தான். அடைப்புக்குறியை மூடாமல் விடுவது, இல்லாத பெயரைப் பயன்படுத்துவது ஆகியவை முதல் வகை. இவற்றைத் தானியங்கு நிறைவோடு இணைந்து வரும் பிழை காட்டிகள் எழுதும்போதே அடிக்கோடிட்டுக் காட்டிவிடும். கணக்கு தவறாக வருவது இரண்டாம் வகை. இங்கே நிரலின் ஒவ்வொரு வரியும் விதிப்படி சரியாகவே இருக்கும். நிரலாளர் எதை விரும்பினார் என்பது கணினிக்குத் தெரியாது. அவர் எழுதியதை அது செய்துவிட்டுப் போகும். இதைப் பிடிக்க வழுநீக்கி வேண்டும். பச்சை, மஞ்சள் இல்லங்களின் சிக்கல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நூறு நிறைவுச் செருகுநிரல்களைச் சேர்த்திருந்தாலும் அது வெளிப்பட்டிருக்காது. செருகுநிரலைத் தேர்ந்தெடுக்கும் பலர் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

சேர்ப்பதற்கு முன் இருப்பதைப் பாருங்கள்

விம் தொகுப்பியில் எந்தச் செருகுநிரலும் இல்லாமலேயே ஓரளவு நிறைவு வசதி உண்டு. ஒரு சொல்லின் முதல் சில எழுத்துகளைத் தட்டிவிட்டு, கண்ட்ரோல் விசையோடு என் விசையை அழுத்தினால், திறந்திருக்கும் கோப்புகளில் அவ்வெழுத்துகளில் தொடங்கும் சொற்களைப் பட்டியலிடும். 2006ஆம் ஆண்டு வெளிவந்த ஏழாம் பதிப்பில் இன்னும் கூர்மையான ஒரு வசதியும் சேர்ந்தது. கண்ட்ரோல் எக்ஸ், அதையடுத்துக் கண்ட்ரோல் ஓ என அழுத்தினால், நீங்கள் எழுதும் மொழியை அறிந்து பரிந்துரை செய்யும்.

இந்த எளிய வசதியின் அருமையைத் தமிழ் மாணவர்கள் எளிதில் உணரலாம். பைத்தானின் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்குத் தமிழில் பெயரிட முடியும். ‘மொத்தப்புள்ளி’ என்று ஒரு மாறிக்குப் பெயர் சூட்டுகிறீர்கள். பத்து வரிகளுக்குப் பிறகு, வலி மிகுவதை மறந்து ‘மொத்தபுள்ளி’ என்று எழுதி அதற்குப் புதிய மதிப்பைத் தருகிறீர்கள். தமிழாசிரியர் அரை மதிப்பெண் குறைப்பார். பைத்தானோ ஒன்றும் சொல்லாமல் இரண்டாவதாக ஒரு மாறியை உருவாக்கிவிடும்! பழைய மாறியின் மதிப்பு அப்படியே இருக்கும், கணக்கு தவறும். ல, ள, ழ மயக்கமும் இதே விளைவைத் தரும். முதல் மூன்று எழுத்துகளைத் தட்டி, பட்டியலிலிருந்து பெயரைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இருந்தால் இத்தகைய வழு பிறக்காது. விசைத்தட்டல்களை மிச்சப்படுத்துவதைவிட இதுவே தானியங்கு நிறைவின் பெரிய பயன் என்பேன்.

ஒரு சிறு இடையூறும் உண்டு. முனையம் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவுள்ள கட்டத்தை ஒதுக்குகிறது. ஆங்கில எழுத்துக்கு அது பொருந்தும். தமிழ் எழுத்துகளோ அகலத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை; ‘கொ’, ‘கௌ’ போன்றவை ஒரு கட்டத்தில் அடங்கமாட்டா. அதனால் சில முனையங்களில் தமிழ்ப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். இது செருகுநிரலின் குறையன்று. வேறு முனையச் செயலியை முயன்று பாருங்கள்.

சந்தையில் ஒரு பொதுமொழி

கண்ட்ரோல் என் வசதி சொற்களைத்தான் அறியும். அவற்றின் பொருளை அறியாது. ஒரு பட்டியலின் பெயருக்குப் பின் புள்ளி வைத்தவுடன், பட்டியலுக்கு உரிய செயல்களை மட்டும் எடுத்துக்காட்ட வேண்டுமானால், நிரலின் அமைப்பையே படித்துப் புரிந்துகொள்ளும் கருவி தேவை. முன்பெல்லாம் ஒவ்வொரு தொகுப்பிக்கும் ஒவ்வொரு நிரலாக்க மொழிக்கும் தனித்தனியாக இதை எழுத வேண்டியிருந்தது. 10 தொகுப்பிகள், 20 மொழிகள் என்றால் 200 கருவிகள்!

நம் நாட்டுக் காலைச் சந்தையை நினைத்துப் பாருங்கள். மீன் விற்பவர் ஒரு மொழி பேசுவார், காய்கறி விற்பவர் இன்னொரு மொழி, வாங்க வருபவர் மற்றொரு மொழி. ஒவ்வொருவரும் மற்ற எல்லாருடைய தாய்மொழியையும் கற்றுக்கொண்டு வருவதில்லை. எல்லாரும் மலாய் மொழியில் பேசி வாணிகத்தை முடித்துக்கொள்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2016ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய மொழிச் சேவையக நெறிமுறை, நிரலாக்க உலகின் அத்தகைய பொதுமொழி. சுருக்கமாக எல்எஸ்பி என்பார்கள். பைத்தானை நன்கு அறிந்த ஒரு மென்பொருள் பின்னணியில் இயங்கும். அதுவே மொழிச் சேவையகம். ‘பயனர் 14ஆம் வரியில் புள்ளி வைத்துள்ளார், என்ன பரிந்துரைக்கலாம்?’ என்று தொகுப்பி அதைப் பொதுமொழியில் கேட்கும். சேவையகம் விடை அனுப்பும். இப்போது 10 தொகுப்பிகளுக்கும் 20 மொழிகளுக்கும் சேர்த்து 30 கருவிகள் போதும். வழுநீக்கிகளுக்கும் இதே முறையில் ஒரு நெறிமுறை உண்டு. அதன் பெயர் டிஏபி.

இது தெரிந்துவிட்டால் தேர்வு எளிதாகிறது. நிறைவுச் செருகுநிரல்களுள் பல, இன்று ஒரே பொதுமொழியைத்தான் பேசுகின்றன. பரிந்துரையின் தரம் பெரும்பாலும் பின்னால் இருக்கும் சேவையகத்தைப் பொறுத்தது. நாம் பார்க்க வேண்டியது, அச்செருகுநிரல் நம் கணினியிடம் என்னென்ன கேட்கிறது என்பதையே.

விம் பயனர்களிடையே நெடுநாளாகப் புகழ்பெற்றது யூகம்ப்ளீட்மீ. வேகமானது, ஆனால், அதன் ஒரு பகுதியை உங்கள் கணினியிலேயே தொகுத்துக் கட்ட வேண்டும். பைத்தான் ஆதரவோடு அமைந்த விம்மும் தேவை. பள்ளிக் கணினியில் மென்பொருள் நிறுவும் உரிமை உங்களுக்கு இல்லையென்றால், இங்கேயே நின்றுவிடுவீர்கள். கோக் என்பது இன்னொன்று. வசதிகள் ஏராளம், நோட்ஜேஎஸ் என்னும் தளத்தையும் உடன் நிறுவ வேண்டும். விம்-எல்எஸ்பி என்பது விம்மின் சொந்தக் கட்டளை மொழியிலேயே எழுதப்பட்டது. இதற்கு வேறு தளம் வேண்டியதில்லை. அழகு சற்றுக் குறைவுதான். பழைய கணினிகள் நிறைந்த கழகத்திற்கு இதையே பரிந்துரைப்பேன். நியோவிம் பயன்படுத்துவோருக்குத் தேர்வு இன்னும் எளிது. 2021ஆம் ஆண்டின் 0.5 பதிப்பிலிருந்து எல்எஸ்பி வசதி அதனுள்ளேயே இருக்கிறது. 2025ஆம் ஆண்டின் 0.11 பதிப்பில் தானியங்கு நிறைவும் உள்ளேயே வந்துவிட்டது. அங்கே ஒரு சேவையகத்தை நிறுவி, சில வரிகள் அமைப்புக் கோப்பில் எழுதினால் போதும்.

சேவையகங்களிலும் பளுவானவை உண்டு. சில, நூற்றுக்கணக்கான மெகாபைட் நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டு கிகாபைட் நினைவகம் உள்ள மடிக்கணினியில் அதையும் உலாவியையும் ஒன்றாகத் திறந்து வைத்தால், எழுதும் சொல் திரையில் தோன்றவே காத்திருக்க நேரிடும்.

அடி அடியாக நடத்திப் பார்த்தல்

இனி, வழுநீக்கிக்கு வருவோம். பரிசளிப்புக்கு இருபது நிமிடங்கள் இருக்கும்போது புதிய செருகுநிரலை நிறுவிக்கொண்டிருக்க முடியாது. பைத்தானுடன் பிடிபி என்னும் வழுநீக்கி இலவசமாக உடன் வருகிறது, முனையத்திலேயே இயங்குகிறது. நிரலில் நிறுத்த விரும்பும் இடத்தில் ‘பிரேக்பாயிண்ட்’ என்னும் கட்டளையை எழுதி, வெற்று அடைப்புக்குறிகளைச் சேர்த்தால் போதும். 2018ஆம் ஆண்டு வெளிவந்த 3.7 பதிப்பிலிருந்து இக்கட்டளை உண்டு. நிரல் அவ்விடத்தில் நின்று உங்கள் ஆணைக்குக் காத்திருக்கும். என் என்று தட்டினால் அடுத்த வரிக்குச் செல்லும். எஸ் என்றால் செயற்கூற்றின் உள்ளே நுழையும். பி என்று தட்டி ஒரு மாறியின் பெயரை எழுதினால் அதன் மதிப்பைக் காட்டும். சி என்றால் மீண்டும் ஓடத் தொடங்கும்.

கழக மாணவர்கள் புள்ளிகளைக் கூட்டும் சுழற்சியின் உள்ளே நிரலை நிறுத்துகிறார்கள். முதல் சுற்றில் சுட்டெண் 0. இது சரிதான், பைத்தானில் பட்டியலின் எண்ணிக்கை 0இலிருந்து தொடங்கும். 12 நிகழ்வுகளுக்கும் 0 முதல் 11 வரை எண்கள். சி விசையைத் தட்டத் தட்ட 1, 2, 3 என்று சுட்டெண் ஏறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மஞ்சள் இல்லத்தின் கூட்டுத்தொகையைக் குறிப்பேட்டோடு ஒப்பிடுகிறார்கள். எல்லாம் பொருந்துகின்றன. சுட்டெண் 10 வரும்போது மஞ்சள் 66, பச்சை 68. மீண்டும் சி தட்டுகிறார்கள். சுட்டெண் 11 வரவில்லை. சுழற்சி முடிந்து, நிரல் வெற்றியாளரை அறிவித்துவிட்டது.

சுழற்சியின் எல்லையைக் குறிக்கும் வரிக்குப் போகிறார்கள். அங்கே ‘ரேஞ்ச்’ என்னும் கட்டளைக்கு 11 என்னும் எண் தரப்பட்டிருக்கிறது. கடைசி நிகழ்வின் எண் 11 என்பதால் எழுதியவர் 11 என்றே கொடுத்துவிட்டார். ஆனால், ரேஞ்ச் கட்டளை, தரப்பட்ட எண்ணுக்கு முந்திய எண்ணோடு நின்றுவிடும். 0 முதல் 10 வரை பதினொரு சுற்றுகள்தாம் நடந்திருக்கின்றன. பன்னிரண்டாவது நிகழ்வான அஞ்சல் ஓட்டம் கணக்கில் சேரவேயில்லை. அதில் மஞ்சள் பெற்றது 10 புள்ளிகள். பச்சை பெற்றது 4. ஒத்திகையின்போது அஞ்சல் ஓட்டத்திற்கு நான்கு இல்லங்களுக்கும் சுழியம் என்று உள்ளீடு செய்திருந்ததால் அப்போது யாருக்கும் ஐயம் எழவில்லை. எல்லையில் கைப்பட எழுதிய எண்ணை நீக்கி, பட்டியலின் நீளத்தையே தரும்படி மாற்றுகிறார்கள். மஞ்சள் 76, பச்சை 72. கோப்பை மஞ்சள் இல்லத்திற்கு.

பிடிபியே இவ்வளவு செய்யுமானால் செருகுநிரல் எதற்கு? நிரல் வளர வளர விடை புரியும். ஐந்நூறு வரிகள் கொண்ட நிரலில், நிற்கும் வரியைச் சுற்றியுள்ள பகுதி, எல்லா மாறிகளின் மதிப்பு, எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்னும் வரிசை ஆகிய மூன்றையும் ஒரே திரையில் காண வேண்டும். விம்ஸ்பெக்டர் என்னும் செருகுநிரல் இதைச் செய்கிறது. பைத்தான், ஜாவா உள்ளிட்ட பல மொழிகளுக்கு உதவும். ஆனால், ஒவ்வொரு திட்டத்திற்கும் ஓர் அமைப்புக் கோப்பை எழுதிக்கொள்ள வேண்டும். நியோவிம்மிற்கு என்விம்-டாப் உள்ளது. பைத்தானுக்கு அதனுடன் டீபக்பை என்னும் மென்பொருளையும் நிறுவ வேண்டும். இரண்டிலும் ‘சுட்டெண் 9 ஆனால் மட்டும் நில்’ என்று நிபந்தனையுடன் நிறுத்தலாம். ஆயிரம் சுற்றுகள் கொண்ட சுழற்சியில் இந்த ஒரு வசதியே விலைமதிப்பற்றது. சி மொழி கற்பவர்கள் எதையும் தேட வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டின் விம் 8.1 பதிப்போடு டெர்ம்டீபக் வருகிறது; ஜிடிபி என்னும் வழுநீக்கியை விம் சாளரத்தினுள் கொண்டுவந்து தரும்.

முதலில் பிடிபியில் பழகுங்கள் என்பதே என் ஆலோசனை. அங்கே கற்ற நான்கு ஆணைகளின் பொருள்தான் எல்லா வழுநீக்கிகளிலும் வேறு விசைகளில் திரும்ப வரும்.

யாருடைய நிரல் இது?

செருகுநிரல் என்பது வேறொருவர் எழுதிய நிரல். அது உங்கள் பெயரில், உங்களுக்குள்ள எல்லா உரிமைகளோடும் இயங்கும். நீங்கள் படிக்கக்கூடிய கோப்பை அதுவும் படிக்கும். நீங்கள் அழிக்கக்கூடியதை அதுவும் அழிக்கும். ஆகவே, அதை எழுதுபவர் யார், இப்போதும் பராமரிக்கிறாரா என்று பார்ப்பது இன்றியமையாதது.

பிராம் மூலினார் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் மறைந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரே முன்னின்று நடத்திய திட்டம் என்னவாகும் என்ற கவலை எழுந்தது. கிறிஸ்டியன் பிராபன்ட் முதலிய தன்னார்வலர்கள் பொறுப்பேற்றனர். 2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளிவந்த 9.1 பதிப்பு மூலினாரின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. எல்லாத் திட்டங்களுக்கும் இந்த நற்பேறு வாய்ப்பதில்லை. டியோப்ளீட் என்னும் நிறைவுச் செருகுநிரல் ஒரு காலத்தில் பலராலும் விரும்பப்பட்டது. அதை எழுதியவரே அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டு வேறொன்றைத் தொடங்கிவிட்டார். பழைய வழிகாட்டிகளைப் படித்து அதை நிறுவுபவர்களுக்கு இது தெரியாமல் போகலாம். திட்டப் பக்கத்தில் கடைசி மாற்றம் எப்போது நடந்தது, எத்தனை பேர் பங்களிக்கிறார்கள், பயனர் தெரிவித்த குறைகளுக்கு மறுமொழி கிடைக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடங்கள் போதும். விருப்பக்குறிகளின் எண்ணிக்கை எனக்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை; அது பழைய புகழையும் சேர்த்தே காட்டும்.

நம்பிக்கை எவ்வளவு நுட்பமானது என்பதை 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் உலகம் கண்டது. லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்இசட் என்னும் சுருக்கு மென்பொருளில், ஈராண்டுக்கும் மேலாக நல்ல பங்களிப்பாளர்போல் நடந்துகொண்ட ஒருவர், கள்ளவழி ஒன்றைப் புகுத்தியிருந்தார். ஆண்ட்ரஸ் ஃபிராயின்ட் என்னும் பொறியியலாளர் தம் கணினியில் தொலைநுழைவு ஏறத்தாழ அரை வினாடி தாமதமாவதைக் கவனித்தார். பலர் பொருட்படுத்தாமல் விட்டிருப்பார்கள். அவர் காரணத்தைத் தேடிச் சென்றதால்தான் அது பெருமளவில் பரவுவதற்கு முன்பே அம்பலமானது.

செயற்கை நுண்ணறிவுச் செருகுநிரல்களைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2021ஆம் ஆண்டு முன்னோட்டமாக வந்த கிட்ஹப் கோபைலட், விம்மிலும் நியோவிம்மிலும் இயங்கும். ஒரு சொல்லை மட்டுமன்று, முழுச் செயற்கூற்றையே எழுதிக் கொடுக்கும். மொழிச் சேவையகம் உங்கள் கணினிக்குள்ளேயே இயங்குகிறது. இதுவோ நீங்கள் எழுதுவதைத் தொலைவில் உள்ள சேவையகத்திற்கு அனுப்பி விடை பெறுகிறது. மாணவர்களின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் உள்ள கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இதை இயக்குவது முறையன்று. அது தரும் வரிகள் பார்வைக்குச் சரியாகவே இருக்கும். ‘சூரியன் மேற்கில் உதிக்கிறது’ என்னும் தொடர்போல. ஒரு சுழற்சி எத்தனை சுற்றுகள் ஓடும் என்று தாளில் எழுதிப் பார்த்துச் சொல்ல முடியாதவர், அதில் உள்ள வழுவை எப்படிக் காண்பார்? அந்தத் திறன் கைவரும்வரை இதைத் தள்ளி வைப்பதே நல்லது என்று கருதுகிறேன்.

ஒவ்வொன்றாகச் சேருங்கள்

வேறொருவருடைய அமைப்புக் கோப்பை முழுமையாக நகலெடுத்து ஒட்டும் வழக்கம் மாணவர்களிடையே உண்டு. நாற்பது செருகுநிரல்கள் ஒரே நாளில் வந்து சேரும். ஒன்று தகராறு செய்தால் எதுவென்று தெரியாது. ஒரு செருகுநிரலைச் சேர்த்து, ஒரு வாரம் பயன்படுத்திவிட்டு, அதன்பின் அடுத்ததைச் சேருங்கள். எட்டாம் பதிப்பிலிருந்து விம்மில் தனி மேலாண்மைக் கருவி இல்லாமலேயே, உரிய கோப்புறையில் இட்டாலே செருகுநிரல் இயங்கும். அதனால் நீக்குவதும் எளிது.

அப்படியும் ஒரு நாள் விம் தடுமாறினால், கிளீன் என்னும் தெரிவுடன் அதைத் திறந்து பாருங்கள். உங்கள் அமைப்புக் கோப்பையும் நீங்கள் சேர்த்த செருகுநிரல்களையும் ஒதுக்கிவிட்டுத் தொகுப்பி தனியாகத் திறக்கும். இப்போது சிக்கல் மறைந்துவிட்டதா? அப்படியானால் குறை செருகுநிரல்களுள் ஒன்றில்தான். பதினாறு இருந்தால், பாதியை, அதாவது எட்டை, வேறிடத்திற்கு மாற்றிவிட்டுத் திறங்கள். சிக்கல் இருந்தால் எஞ்சிய எட்டில் உள்ளது. இல்லையேல் மாற்றிய எட்டில் உள்ளது. அந்த எட்டை மீண்டும் நான்காகவும், நான்கை இரண்டாகவும் பிரியுங்கள். நான்காவது முயற்சியில் குற்றவாளி தனியே நிற்கும்.